நாயை விசாரித்த பின்கட்டு அக்கா

பின்கட்டு அக்காவிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "இரு தம்பி, பாத்துட்டுச் சொல்லுறேன்" என்பாள். மழை வருமா என்று கேட்டாலும் அதுதான், பால்காரன் தண்ணீர் கலக்கிறானா என்று கேட்டாலும் அதுதான். சொன்னபடி பார்க்கவும் செய்வாள். இரண்டு நாள் கழித்து, கேட்டவர்கள் கேட்டதையே மறந்துபோன நேரத்தில், வாசற்படியில் வந்து நின்று பதிலைச் சொல்லிவிட்டுப் போவாள். நான் வக்கீல் குமாஸ்தாவாக நாற்பது வருஷம் கோர்ட் தாழ்வாரத்தில் நின்றவன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிகளை எனக்கு நன்றாகத் தெரியும். சிலருக்கு நானே சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். பார்த்ததைத்தான் சொல்வேன் என்று அடம்பிடித்த ஒரே மனுஷி அவள்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வளவில் குடியிருந்தோம். வளவு என்றால் தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே நீளமாக ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் முற்றம். முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். வீட்டுக்காரர் முன்கட்டில் இருந்தார். அக்கா பின்கட்டில், கிணற்றை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் போய்ப் பத்தொன்பது வருஷம் என்பார்கள். அப்பளம் தேய்த்துக் கடைகளுக்குப் போட்டுப் பிழைத்தாள். அவளிடம் கடிகாரம் கிடையாது. நேரத்தையும் அப்பளத்தால்தான் சொல்வாள். "குழாயில தண்ணி இன்னும் இருவது அப்பளத்துக்கு வரும், குடத்தை எடுத்துட்டு வா" என்று என் மனைவியைக் கூப்பிடுவாள். தண்ணீர் அந்தக் கணக்குக்கு நிற்கும்.

வீட்டுக்காரர் பல்லி சொல்வதற்குப் பலன் பார்ப்பவர். கிழக்குச் சுவரில் சொன்னால் நல்ல சேதி, தெற்குச் சுவரில் சொன்னால் காரியம் இழுபடும் என்று முற்றத்தில் நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வார். அக்கா இரண்டு சிரட்டையை எடுத்து வைத்தாள். ஒரு மாதம், பல்லி சொல்லும்போதெல்லாம் அந்தந்தத் திசைச் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள். மாதம் முடிந்ததும் அவரிடமே போய்ச் சொன்னாள்.

"கிழக்கால முப்பத்தொண்ணு, தெக்கால நாலு. கிழக்கால விளக்கு மாடம் இருக்கு. பூச்சி அங்கிட்டுத்தான் வருது. பல்லி அது பசிக்குச் சொல்லுதுங்க. நமக்குச் சொல்லல."

வீட்டுக்காரர் அதற்கு அப்புறம் ஒரு வாரம் அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை.

இந்தக் குணத்தால் அவளுக்கு நல்ல பேர் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வளவில் ஒருவர் தினமும் சாயங்காலம் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். அவர் மனைவி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா, "பஜனை மடத்துல ஆத்து மணல் ஏது? அவுக காலைப் பாரு, முழங்கால் வரைக்கும் அப்பியிருக்கு" என்று சொல்லிவிட்டாள். வைகை மணலில் சீட்டுக் கச்சேரி நடப்பது ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் ஒரு வருஷம் அக்காவோடு பேசவில்லை. "தப்பாச் சொல்லிட்டேனா தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். சரியாகச் சொன்னதுதான் தப்பு என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் அது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை என்று தெரிந்தது. எனக்கு அவளிடம் பிரியமும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

இவ்வளவும் பார்க்கிறவள் ஒன்றை மட்டும் பார்க்க மாட்டாள். காலையில் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை வளவின் ஆண்கள் ஒவ்வொருவராக வேலைக்குக் கிளம்புவோம். அந்த நேரம் முழுக்க அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கிளம்புகிறவன் எதிரே தாலி இல்லாதவள் வந்துவிடக் கூடாது என்பது வழக்கம். யாரும் அவளை விரட்டியதில்லை. விரட்ட வேண்டிய தேவையை அவள் வைத்ததில்லை. நானும் படித்தவன்தான். ஆனாலும் அந்தக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். அதை இப்போது எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. என் மனைவி வைகைக்குத் துணி துவைக்கப் போனபோது அவள் பின்னாலேயே படியேறி வந்த குட்டி. சுக்கு நிறத்தில் இருந்ததால் சுக்கு என்றே பேர் வைத்தாள். பகல் முழுக்க அவள் சேலைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே கிடந்து வளர்ந்தது. வளைகாப்பு முடிந்து அவள் திருமங்கலம் பக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கிளம்பினாள். வண்டி ஏறும்போது என்னைப் பற்றிக்கூட அவ்வளவு சொல்லவில்லை. "சுக்கைப் பாத்துக்கங்க. நான் வாரப்ப அது இருக்கணும்" என்றாள்.

மறுநாள் நான் கோட்டு மாட்டி, தலைப்பாகை வைத்து, கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாயை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினேன். நடையைத் தாண்டி வாசற்படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து ஊளை கேட்டது. குரைப்பு இல்லை, ஊளை. கிளம்பும்போது நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அதிலும் மனைவி மாசமாக வேறு இருக்கிறாள். திரும்பி வந்தேன். கதவைத் திறந்து, மணையில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, நாயின் தலையைத் தடவி, "அழாம இருக்கணும், என்ன" என்று சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினேன். மறுபடி ஊளை. மறுபடி வந்து உட்கார்ந்தேன். சகுனத் தடை என்றால் அப்படித்தான் செய்வோம். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்பினால் தடை கழிந்துபோகும்.

இது ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை என்று வளர்ந்தது. அப்போது கோர்ட் பழைய அரண்மனையான மகாலில் நடந்துகொண்டிருந்தது. கீழமாசி வீதி வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனாலும் எனக்கு நேரமாகிவிடும். ஒரு நாள் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள், கட்டு என் கக்கத்தில், நான் பாதி வழியில், விளக்குத்தூணில். வக்கீல் வெறுங்கையோடு நின்று வாய்தா கேட்டிருக்கிறார். நான் போனதும், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீர் நாயோடயே இரும்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் செய்துவிடுவார்.

வளவிலும் பேச்சு கிளம்பிவிட்டது. நான் போன பிறகும் நாய் பகலெல்லாம் குரைத்துக்கொண்டும் ஊளையிட்டுக்கொண்டும் இருக்கிறதாம். கதவின் அடிப்பலகையைப் பிறாண்டி வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"குமாஸ்தா தம்பி, நாயிக்குக் கொழுப்பு. அடிச்சு வளக்கலை நீங்க. குடித்தனம் இருக்கிற இடத்துல இப்படி அழுதா என்னத்துக்கு ஆகும்? வெள்ளிக்கிழமை முனிசிபாலிட்டி நாய் வண்டி இந்தச் சந்துக்கு வருது. அதுக்குள்ள அடங்கணும். இல்லைன்னா நானே பிடிச்சுக் குடுத்துருவேன்."

நாய் வண்டியில் ஏறிய நாய் திரும்பி வராது. அதை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் மனைவி கடைசியாகச் சொன்னதும் காதிலேயே இருந்தது. அதே சமயம், உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஊளை நின்றால் போதும் என்றும் மனசின் ஒரு மூலையில் இருந்தது. ஊளை கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் முகம்தான் தெரியும். அவளுக்கு ஒன்பதாவது மாதம்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் அக்கா கேட்டாள். "தம்பி, உன் நாயி எதுக்கு அழுகுது?"

"கொழுப்புன்னு வீட்டுக்காரர் சொல்லுறாரு. எனக்கு என்னக்கா தெரியும்."

"நீயும் பாக்கலை, அவரும் பாக்கலை. இரு, பாத்துட்டுச் சொல்லுறேன்."

அதற்கு முன்னால் என்னை விசாரித்தாள். எங்கள் வக்கீல்கூட அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறாய், எந்த வரிசையில் செய்கிறாய், நாய் எங்கே இருக்கும், அதற்கு எப்போது சோறு வைக்கிறாய், கிளம்பும்போது என்ன பேசுகிறாய். தலைப்பாகை முதலிலா கோட்டு முதலிலா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வந்ததும் வாசற்படியில் வந்து நின்றாள்.

"கொழுப்பு இல்ல தம்பி. கொழுப்பெடுத்த நாயி சோறு திங்கும். நீ வச்சிட்டுப் போன சோறு அப்படியே கெடந்துச்சு, ஜன்னல் வழியாப் பாத்தேன். நீ வந்த பிறகுதான் திங்குது, பாரு."

திரும்பிப் பார்த்தேன். சுக்கு அவசர அவசரமாகக் காலைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

"அப்புறம் ஒண்ணு. அது எல்லாத்துக்கும் ஒரே மாதிரி குரைக்கல. காக்கா அப்பளத்துக்கு வந்தா வெடுக்குனு ரெண்டு குரைப்பு, அம்புட்டுத்தான். தெருவுல ஆள் போனா விடாமக் குரைக்குது, ஆள் தாண்டுனதும் நிறுத்திருது. நீ போன பிறகு வர்ற சத்தம் வேற. மொதல்ல கதவு இடுக்குல மூக்கை வச்சு முனகுது. பிறகு நாலு குரைப்பு. பிறகு நிறுத்துது. ஒரு அப்பளம் தேய்க்கிற நேரம் சும்மா இருக்குது. பிறகு ஊளை. பிறகும் நிறுத்துது."

"எதுக்கு நிறுத்துது?"

"கேக்குது. உன் செருப்புச் சத்தம் வருதான்னு கேக்குது."

நான் கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். பத்து நாளாக அதே சத்தத்தைக் கேட்டவன் நான். சத்தத்துக்கு நடுவில் சத்தம் இல்லாத இடம் ஒன்று இருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் சொன்னது இன்னும் விநோதம். நான் வெளியே போன பிறகு தொடங்குகிற பயம் இல்லையாம் அது. நான் தலைப்பாகையை எடுத்து உதறும்போதே சுக்கு தவிக்க ஆரம்பித்துவிடுகிறது என்றாள். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்றேன். அவள் கதவு சாத்தியிருந்ததே.

"கதவுதானே சாத்தியிருக்கு. காது தொறந்துதானே இருக்கு" என்றாள். "பத்தொம்போது வருசமா இந்த வளவுல யாரு எப்படிக் கிளம்புறாகன்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன். வீட்டுக்காரர் ரெண்டு தடவை காறுவாரு, பிறகு குடையைத் தட்டுவாரு. நீ தலைப்பாகை தூசியை உதறுவே. நீ உதறுன ஒடனே அதோட நகம் தரையில படபடன்னு கேக்குது. நீ போறது அதுக்கு எப்பத் தெரியுமோ, அப்பருந்தே பயம்."

அதற்கு மருந்தும் அவளே சொன்னாள். அன்று சாயங்காலம் நான் தலைப்பாகையும் கோட்டுமாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். அப்படியே சாப்பிட்டேன். கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். வளவில் இருந்த பெண்கள் எல்லாம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குமாஸ்தாவுக்கு மாமனார் வீட்டு நினைப்பு முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். முதலில் என் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அலைந்த சுக்கு, கடைசியில் சலித்துப்போய்ப் படுத்துவிட்டது. தலைப்பாகைக்கும் நான் போவதற்கும் சம்பந்தம் இல்லை என்று அதற்கு லேசாகத் தோன்றியிருக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் மறுபடி ஊளை, மறுபடி நான் திரும்பி வந்து தண்ணீர் குடித்தேன். சாயங்காலம் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

"அழுதா வாரியே, எதுக்கு வார?"

"சகுனம் சரியில்லையேக்கா."

"அது உனக்கு. நாயிக்குச் சகுனம் தெரியுமா? கூப்பிட்டா வாரான், அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். மொத நாளு ஒரு தடவை கூப்புட்டுச்சு, வந்தே. மறுநாளு ரெண்டு தடவை கூப்புட்டுச்சு, வந்தே. நான் நாயா இருந்தாலும் நிறுத்த மாட்டேன். நீயே தண்ணி குடிச்சுக் குடிச்சு அதுக்குப் பழக்கிட்டு, அது மேல குத்தம் சொல்லுறே. அழுகும்போது கதவைத் திறக்காதே. அழாம இருக்கும்போது திரும்பி வா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் மாசமாக இருக்கிறவளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு, "அதை நான் பாக்க முடியாது தம்பி. அது எனக்குத் தெரியாது" என்றாள். வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். தெரியாததைத் தெரியும் என்று எனக்காகக்கூட அவள் சொல்லவில்லை. அதனாலேயே மற்றதை நம்பினேன்.

அன்று சாயங்காலம் முழுக்க வளவு வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தோம். நான் கதவைச் சாத்திவிட்டு இரண்டு அப்பள நேரம் வெளியே நின்று, அது முனகுவதற்குள் உள்ளே வருவேன். வந்ததும் கொஞ்சக் கூடாது, பேசக் கூடாது. எங்கேயும் போகாதவன் மாதிரி என் வேலையைப் பார்க்க வேண்டும். பிறகு நாலு அப்பளம். பிறகு ஏழு. "ஏழு வரைக்கும் பொறுத்துக்கிச்சு" என்று அக்கா மாவுக் கையோடு சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை நாயைப் பூட்டாமல் முற்றத்தில் விட்டுப் பார்த்தேன். அதற்குள் அக்காவோடு நன்றாகப் பழகியிருந்தது. அப்படியும் ஊளையிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் நடந்தேன். கோர்ட்டில் அன்றைக்குப் பூராவும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மத்தியானம் தபாலாபீசுக்குப் போய் மனைவிக்குக் கார்டு எழுதிப் போட்டேன், உடனே பதில் எழுது என்று.

சாயங்காலம் அக்கா வந்து நின்றாள். வழக்கமாகப் படபடவென்று சொல்கிறவள் அன்றைக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீ வாசலைத் தாண்டுறதுக்கும், நான் கதவைத் திறந்து வெளிய வர்றதுக்கும் நடுவுல பன்னெண்டு அப்பள நேரம் இருக்கு. நீ தெரு முக்குத் திரும்புனாத்தான் நான் வருவேன். அந்த நேரம் முற்றத்துல ஒரு ஆளும் கிடையாது. அப்பத்தான் ஆரம்பிக்குது. நான் வந்து உக்காந்ததும் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிருது. அந்த எடைவெளி இல்லைன்னா அது அழாது."

"அப்ப யாராவது முன்னாடியே முற்றத்துல இருக்கணும்."

"மத்த பொம்பளைக எல்லாம் அந்நேரம் அடுப்படியில இருப்பாக. நாயும் இப்ப அவுககிட்ட ஒட்டாது."

சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவும் கண்டுபிடித்தவளுக்கு மீதி தெரியாமல் இருக்காது. அவள் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்றும் தெரிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, நாய் வண்டி வருகிற நாள்.

நான் அன்று சாப்பிடவில்லை. ஒரு பக்கம் என் மனைவி, பிறக்கப்போகிற பிள்ளை. இன்னொரு பக்கம் அவளுக்குக் கொடுத்த வாக்கு, வாயில்லாத ஜீவன். நடுவில் ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்தால் குற்றம் என்கிற பயம். யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே பயம்தான் என்று தோன்றியது. ஊளைக்கும் பயந்தேன், அக்கா எதிரே வருவதற்கும் பயந்தேன். ஊளை எதற்கு வருகிறது என்று அவள் எனக்குக் காட்டிவிட்டாள். அவளைப் பற்றி மட்டும் நான் எதையும் பார்க்கவே இல்லை, யாரோ சொன்னதை வைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மற்றவர்கள் எல்லாம் போன பிறகு அவள் கதவைத் தட்டினேன்.

"அக்கா, நான் கிளம்பப் போறேன். நீங்க வெளிய வந்து உக்காருங்க."

"உன் வீட்டுக்காரி மாசமா இருக்கா, தம்பி" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்தே.

"அவ சொன்னதுக்காகத்தான் கூப்பிடுறேன். வாங்க."

வந்தாள். பாயை விரித்து, பலகையையும் குழவியையும் வைத்து உட்கார்ந்தாள். சுக்கு போய் அவள் முழங்காலை ஒட்டிப் படுத்தது. நான் தலைப்பாகையை உதறி வைத்துக்கொண்டு, கட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். அவள் சட்டென்று முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் கண்ணில் அவள் முகம் பட வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். நடைவரை போனவன் நின்று, "போயிட்டு வாரேன் அக்கா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. குழவி மட்டும் நின்றது. அவளிடம் யாரும் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நான் தெருவுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன். தெரு முக்கில் நின்று கேட்டேன். வண்டிச் சத்தம் கேட்டது, யாரோ கீரை விற்கிற சத்தம் கேட்டது. எங்கள் வளவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்று நாய் வண்டி சந்துக்கு வந்தபோது சுக்கு அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாம். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வண்டிக்காரர்களிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம்.

என் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். எட்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் சுகம் என்று கார்டு வந்தது. இதை வைத்துச் சகுனம் பொய் என்று நான் வாதாடப் போவதில்லை. ஒரு கேஸை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அக்காவே சொல்லுவாள்.

ஐந்தாம் மாதம் மனைவியும் குழந்தையும் வந்தார்கள். அதுவரை தினமும் அக்கா எனக்கு எதிரேதான் உட்கார்ந்தாள். மற்ற ஆண்கள் போன பிறகு, நான் மட்டும் பாக்கி இருக்கும்போது. நானும் தினமும் சொல்லிக்கொண்டுதான் போனேன். மனைவி வந்த மறுநாள் காலையில் பார்த்தால் பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. நாய்க்குத் துணை வந்துவிட்டது, தன் வேலை முடிந்தது என்று அவளே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். மறுநாளும் போய்விட்டேன். அதுதான் நான்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஏதோ பத்திரம் பதியப் புறப்பட்டார். நல்ல நேரம் பார்த்து, பட்டுக்கரை வேஷ்டி கட்டி, இரண்டு தடவை காறி, குடையைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அன்றைக்கு எங்கள் கதவு திறந்திருந்ததால் சுக்கு முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நேராகப் பின்கட்டுக்குப் போய், சாத்தியிருந்த கதவின் இடுக்கில் மூக்கை வைத்து முனகியது. நாலு குரைப்பு. கொஞ்சம் நிறுத்தியது. பிறகு ஊளை.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி கிளம்பினார். மறுபடி ஊளை. நான் தலைப்பாகையோடு என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுக்கைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது காதை மட்டும் ஆட்டியது, நகரவில்லை. மூன்றாம் தடவை தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது வீட்டுக்காரருக்கு நல்ல நேரம் முடியப்போகிற கவலை வந்துவிட்டது. முற்றத்தின் நடுவில் நின்று பின்கட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"ஏம்மா, வெளிய வந்து உக்காரும்மா. அது அடங்கட்டும். எனக்கு நேரமாச்சு."

கதவு திறந்தது. அவள் பாயோடு வெளியே வந்தாள். சுக்கு வாலோடு உடம்பையும் சேர்த்து ஆட்டியது. வீட்டுக்காரர் அவள் எதிரிலேயே நடந்து, நடையைத் தாண்டி, பத்திரம் பதியப் போனார். அவரைத் தொடர்ந்து மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்களே தவிர யாரும் நிற்கவில்லை. ஐந்து மாதமாக நான் செய்திருக்க வேண்டியதை ஒரு நாய் ஒரு காலையில் செய்துவிட்டது.

நான் கடைசியாகக் கிளம்பும்போது அவள் பக்கத்தில் நின்றேன். வேடிக்கையாகப் பேசி என் வெட்கத்தை மறைக்கப் பார்த்தேன்.

"அழுகும்போது கதவைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றாள் மாவை உருட்டிக்கொண்டே. "அது உன்னையக் கூப்பிட்டப்பச் சொன்னது. இப்ப என்னையில்ல தம்பி கூப்பிடுது."